நூறு கோடிக்கு ஒரு கொசுறு

பிரபஞ்சம் உண்டான நாளிலிருந்து அதனோடு பேரம் பேசியவர் எவருமில்லை. ஞானிகள் அதைக் கும்பிட்டார்கள். விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். கவிஞர்கள் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பெருமூச்சு விட்டார்கள். ‘கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மனித குலத்தின் இந்தப் பெருங்குறையைத் தீர்த்துவைத்த புகழ் கேரளப் பக்கத்துக் கோவிந்தாபுரம் எல்லை வியாபாரிகள் சங்கத்தின் தலைவரும் மாங்காய் மண்டி முதலாளியுமான ரத்தினசாமி அவர்களையே சேரும். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், டீ ஆறுவதற்குள்.

ரத்தினசாமி பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்தவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிய தரகர் குடும்பம். அவர் தலையெடுத்தபோது மாட்டை விட்டு மாங்காய்க்கு வந்தார்கள்; துண்டை விடவில்லை. ஒருமுறை டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, ரத்த அழுத்தம் நூற்றைம்பது என்றார். “நூத்தி முப்பதுக்கு முடிச்சுக்கலாமுங்களா?” என்று கேட்டார் ரத்தினசாமி. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் முடிக்கலாம் என்றார் டாக்டர். படித்த டாக்டரே தன்னிடம் இறங்கி வந்துவிட்டதாக அவர் ஊரில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கியிருந்தது. மாவட்டத்தில் ‘முன்மாதிரி எல்லைச் சந்தை’ என்று ஒரு விருது அறிவித்திருந்தார்கள். ஒரு பித்தளைப் பலகை, கூடவே சந்தை முழுவதற்கும் பகல் போல வெளிச்சம் தரும் ஓர் உயரமான விளக்குக் கோபுரம். அதே மாவட்டத்து எலப்புள்ளிச் சந்தைக்காரர்கள் அதன்மேல் ஏற்கெனவே கண் வைத்திருந்தார்கள். ரத்தினசாமிக்கு விளக்குக் கோபுரம் முக்கியமில்லை. பலகைதான் வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் ஆள் காரணம்.

அந்த ஆள், அவர் சம்சாரத்தின் அண்ணன் ஆறுமுகசாமி. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு மண்ணில், அதே சாலையில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். அதே உயரம், அதே மீசை, அதே துண்டு. போன தை மாதம் ஒரு காதுகுத்தில் பந்தி நடுவே ஆறுமுகசாமி உரக்கச் சொன்னார்: “நம்ம மாப்ளைங்களோடது சந்தைங்களா அது? நாலு கூடைய வெச்சுக்கிட்டு, ஊரே நின்னு கொசுறு கேக்கற எடமுங்க!” பந்தியே சிரித்தது. ரத்தினசாமி எழுந்து கை கழுவினார். பாயசம் வருவதற்குள் அவர் இலையை மூடியது அதுவே முதல் தடவை. அன்றைக்கு முடிவு செய்தார்: மச்சான் கல்லாவில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் கண்ணில் குத்துகிற மாதிரி அந்தப் பலகையை மாட்டியே தீருவது.

விருதுக்குப் பொறுப்பான அதிகாரி பிரதீபா மேடம் ஒருநாள் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேட்டா, எல்லாம் கிருத்யமாயிருக்கணும் கேட்டோ. கிருத்யம்.” கிருத்யம் என்றால் துல்லியம். ரத்தினசாமி மறுநாளே சந்தையைத் துல்லியமாக நோட்டம் விட்டார். நாட்டையே அரித்துக்கொண்டிருக்கும் தீமை அவர் கண்ணில் பட்டது.

கத்திரிக்காயை நிறுத்து முடித்த பிறகு அதன்மேல் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. பீன்ஸ் எடை சரியான பிறகு, “இருக்கட்டுங்க” என்று இன்னும் ஒரு கைப்பிடி. மாங்காய் எண்ணி முடித்த பிறகு இரண்டு மாங்காய். தராசு வாயை மூடிய பிறகும் வியாபாரியின் கை தானாகக் கூடைக்குள் போய் வந்தது. பல தலைமுறைகளாக நம்மவர்கள் இந்த அநியாயத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டும், பையை அகலமாக விரித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்! ரத்தினசாமி அன்று மாலையே ‘கொசுறு ஒழிப்புத் தீர்மான’த்தை அறிவித்தார்.

சீர்திருத்தவாதிகளுக்கு எதிர்ப்பு வருவது இயல்பு. தக்காளி மண்டி பூபதிராஜா சந்தை நடுவில் நின்று கேட்டார்: “கொசுறு போடாட்டி சனம் எதுக்குங்க நம்ம கடைக்கு வரோணும்? நம்ம மூஞ்சியப் பாக்கறதுக்குங்களா?” பாதிக் கடைக்காரர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். சந்தை முகப்பில் லோடு ஏற்றுபவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தும் சரஸ்வதியம்மாளும் முகம் வாடி நின்றார். அவருடைய புகழ்பெற்ற ரசத்தில் நசுங்கிய தக்காளி பூபதிராஜா போட்ட கொசுறு. மல்லித்தழையும் கறிவேப்பிலையும் அடுத்தடுத்த கடைகளின் கொசுறு. புளி ஒன்றுதான் அவர் காசு போட்டு வாங்கியது.

இனி வாயால் பேசிப் பயனில்லை, விஞ்ஞானத்தைக் கூட்டி வரவேண்டும் என்று ரத்தினசாமி தீர்மானித்தார். விஞ்ஞானம் அவர் வீட்டிலேயே இருந்தது. மகள் மௌனிகா பெங்களூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். என்ன ஆராய்ச்சி என்பதுதான் அவருக்கு இத்தனை வருஷமாகப் பிடிபடவில்லை. போன் போட்டார்.

இந்த ஊரில் செல்போனுக்குத் தான் எந்த மாநிலம் என்பதில் நிரந்தரக் குழப்பம். வீட்டு வாசலில் நின்றால் கேரளா டவர். கொல்லைப்புறம் போனால் தமிழ்நாடு. பேசிக்கொண்டே நடப்பவர் பேச்சைப் பாதியில் எல்லையில் இறக்கிவிட வேண்டியிருக்கும்.

“ஏன் அம்முணி, நீ படிக்கறது என்னன்னு எனக்கு ஒரே வரியில சொல்லு பாக்கலாம்.”

“ஆதியில பொருளும் எதிர்ப்பொருளும் சரிக்குச் சரி இருந்துச்சுங்ப்பா. தராசுல வெச்சா முள்ளு ஆடாது. ஆனாப் பாருங்க...”

முள் ஆடாது என்று கேட்ட உற்சாகத்தில் ரத்தினசாமி நடந்து கொல்லைப்புறம் வந்துவிட்டார். லைன் போய்விட்டது. ‘ஆனா’வுக்குப் பிறகு வந்ததெல்லாம் காற்றோடு போயிற்று. அதனால் என்ன? நல்ல சரக்குக்கு ‘ஆனா’ எதற்கு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிறப்புக் கூட்டம் என்று முடிவாயிற்று. பிளெக்ஸ் பேனரும் எழுந்தது: ‘பிரபஞ்சமே சரிசமம்! கொசுறு எதற்கு? விஞ்ஞானி மௌனிகா முழங்குகிறார்!’

ரயிலை விட்டிறங்கித் தூக்கக் கலக்கத்தோடு வந்த மௌனிகா பேனரைப் பார்த்துத் திகைத்தாள்.

“இதென்னங்ப்பா?”

“நீ சொன்ன விஞ்ஞானந்தான் கண்ணு.”

“நான் பாதிதானுங்ப்பா சொன்னேன்!”

“பாதி போதும். மீதியக் கொசுறுன்னு வெச்சுக்க. அதத்தான் ஒழிக்கப் போறமே.”

உரக்கடைக் கொட்டகையில் கூட்டம் தொடங்கியது. சங்கச் செயலாளர் சிவப்பிரகாஷ் உரக்கடைக்காரர். ஆனால் மைக்கைப் பிடித்தால் அரசாங்கம். “மேற்படி பிரபஞ்சம் தொடர்பாக மேற்படி விஞ்ஞானி மேற்படி உறுப்பினர்களுக்கு விளக்கம் அளிப்பார்” என்று அறிவித்து உட்கார்ந்தார். மௌனிகா பேச எழுந்தாள். சரஸ்வதியம்மாள் பின்வரிசையில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆதியில பிரபஞ்சம் பயங்கரச் சூடுங்க. பொருள்ல ஒரு துகள் பொறந்தா, ஜோடியா எதிர்ப்பொருள்ல ஒரு துகள் பொறக்கும். ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி, மின்னேற்றம் மட்டும் நேரெதிர். ரெண்டும் மோதுனா ரெண்டும் காலி. வெளிச்சந்தான் மிஞ்சும்.”

“நம்ம தலைவரும் ஆறுமுகசாமியும் ஒரே பந்தியில உக்காந்தாப்பலன்னு சொல்லுங்க!” என்றார் பூபதிராஜா.

கூட்டம் சிரித்தது. ரத்தினசாமி சிரிக்கவில்லை. ‘உறவுமுறை விளக்கம் பதிவு செய்யப்படவில்லை’ என்று சிவப்பிரகாஷ் பதிவு செய்தார்.

“அப்பறம் சூடு தணிஞ்சுது,” என்று தொடர்ந்தாள் மௌனிகா. “தண்ணி கொதிக்கறப்ப குமிழி வருமில்லீங்களா? அதாட்டம் பிரபஞ்சத்துக்குள்ள ஒரு புது நெலமை குமிழி குமிழியா உண்டாகி, பெருத்துப் பெருத்து எல்லாத்தையும் நெரப்பியிருக்கும்னு ஒரு கருத்து. அந்தக் குமிழியோட ஓரம் இருக்குதே, அத நம்ம செக்போஸ்ட்டுன்னு வெச்சுக்கங்க. ஒரே லோடு ஏத்துன ரெண்டு லாரி வருது, பொருள் ஒண்ணு, எதிர்ப்பொருள் ஒண்ணு. ஒண்ணத் துளி சுளுவா உள்ள உடறாங்க. இன்னொண்ணத் துளி நிறுத்தி வெக்கறாங்க.”

அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. இந்த விஞ்ஞானம் எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானமாக இருந்தது.

“அந்தச் செக்போஸ்ட்டுல டூட்டி யாருங்க அம்முணி?” என்று கேட்டார் ஒரு தேங்காய் வியாபாரி.

“அதத்தானுங்க உலகம் பூரா தேடிக்கிட்டிருக்கறோம்.”

“கண்டுபுடிச்சா எனக்கொரு போன் போடுங்க. ரெண்டு லோடு நிக்குது.”

“ஏன் அப்படி நடந்துச்சுன்னு இன்னும் உறுதியாத் தெரியாதுங்க,” என்றாள் மௌனிகா.

“தெரியாததுக்கா இத்தன வருசமா மாசாமாசம் ஸ்டைபண்டு தர்றாங்க?” என்று தேங்காய் வியாபாரி வியந்தார். “எனக்கும் எத்தனையோ தெரியாது. ஒருத்தனும் தர மாட்டீங்கறான்.”

“ஆனா என்ன மிஞ்சுச்சுன்னு தெரியுமுங்க,” என்று மௌனிகா குரலை உயர்த்தினாள். “எதிர்ப்பொருள் நூறு கோடின்னா, பொருள் நூறு கோடியே ஒண்ணு. நூறு கோடியும் நூறு கோடியும் மோதி வெளிச்சமாப் போயிருச்சு. அந்த ஒண்ணு ஜோடி இல்லாம நின்னுச்சு. நட்சத்திரம், பூமி, இந்தச் சந்தை, நீங்க, நான், எல்லாமே அந்த மிஞ்சுன ஒண்ணுலருந்து வந்ததுதானுங்க. ரெண்டு தட்டும் கடைசி வரைக்கும் சரியா நின்னிருந்தா இன்னிக்கு யாருமே இல்ல.”

சரஸ்வதியம்மாள் டீத் தட்டோடு நின்றபடியே கேட்டார்: “அப்ப நாமெல்லாரும் கொசுறுங்களா கண்ணு?”

“ஆமாங் அத்தை. நிறுத்து முடிச்சதுக்கு மேல போட்ட கறிவேப்பிலைதான் நாம.”

பூபதிராஜாவின் ஆட்கள் நாற்காலியைத் தட்டினார்கள். பேனர் காற்றில் ஆடி, ‘சரிசமம்’ என்ற எழுத்து மடிந்துகொண்டது. வேறொரு தலைவராக இருந்தால் அந்த இடத்தில் கூட்டத்தை ஒத்திவைத்திருப்பார். ரத்தினசாமி அப்படிப்பட்டவர் அல்லர். மற்றவர்களுக்கு விஞ்ஞான உண்மையாகப் பட்டது அவருக்கு ‘முதலில் சொல்லும் விலை’யாகப் பட்டது. முதலில் சொன்ன விலைக்கு எவன் சரக்கு எடுத்திருக்கிறான்? தோளிலிருந்த துண்டை உதறினார்.

“அம்முணி, கையக் குடு.”

சபை பயபக்தியோடு அடங்கியது. துண்டு விழுந்துவிட்டால் பேசக்கூடாது என்பது அந்த வட்டாரத்துச் சந்தைச் சட்டம். துண்டுக்கு அடியில் அப்பாவின் கையும் மகளின் கையும் சந்தித்தன. ரத்தினசாமி மகளின் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். அதுதான் அந்த ‘ஒண்ணு’. அதன் பாதிக் கணுவில் அழுத்தினார். அரைக்கு முடித்துக்கொள்ளலாம் என்று பொருள். மௌனிகா விரலை விறைத்தாள்.

“அப்பா, இது விலையில்லீங்க. அளந்து பாத்தது,” என்று கிசுகிசுத்தாள்.

“எந்தத் தராசுல?”

“அன்னிக்கு மோதுனப்ப வந்த வெளிச்சம் இன்னும் வானம் பூரா மிஞ்சிக் கெடக்குதுங்ப்பா. அத அளந்து, இருக்கற பொருளோட ஒப்பிட்டு...”

“பழைய சரக்கு! பழைய சரக்குன்னா எடை கொறையோணுமே?”

“கொறைஞ்சதையும் சேத்துத்தான் கணக்குப் போட்டாங்க.”

ரத்தினசாமி விரலை நக நுனிக்கு நகர்த்தினார். “கால்?”

“இல்லீங்ப்பா.”

“நான் பெத்த புள்ள. அப்பனுக்காவத் துளி உடக்கூடாதா?”

“அப்பனுக்காவப் பிரபஞ்சத்த மாத்த முடியுங்களா?”

“பூராவும் மாத்த வேண்டாம் சாமி. துளி!”

ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்த பெண். விட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. தவிரவும், உண்மையைச் சொல்லும் கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு. “சரிங்ப்பா. நூறு கோடிங்கறது ஒரு சுமாரான கணக்கு. இன்னும் சரியாப் பாத்தா நூத்தி அறுவது கோடிக்கு ஒண்ணுன்னு வரும்.”

ரத்தினசாமி துண்டைப் பறித்து எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

“முடிச்சுட்டேனுங்க!” என்று மைக்கில் முழங்கினார். “நூறு கோடிக்கு ஒண்ணுன்னாங்க. உடலியே நான்! நூத்தி அறுவது கோடிக்கு ஒண்ணுக்குக் கொண்டாந்துட்டேன்!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. எதிர்க்கட்சியும் தட்டியது, ஒரு நல்ல பேரத்தைப் பார்த்தால் வியாபாரியின் கை கட்சி பார்ப்பதில்லை. ‘பிரபஞ்சத்தின் உபரி, தலைவர் அவர்களின் இடைவிடாத முயற்சியால் கணிசமாகக் குறைக்கப்பட்டது’ என்று சிவப்பிரகாஷ் பதிவு செய்தார். அது குறைக்கப்பட்டதல்ல, முன்பிருந்தே அப்படித்தான் என்று விளக்க மௌனிகா மைக்கை நோக்கி நகர்ந்தாள். அதற்குள் யாரோ அவளுக்குப் பொன்னாடை போர்த்தி, பேசவிடாமல் இறுக்கிவிட்டார்கள்.

பூபதிராஜாதான் முதலில் சுதாரித்துக்கொண்டார். “கொறைச்சீங்க, சரிங்க. சைபர் ஆக்குனீங்களா?”

“அது... ஆகலைங்க.”

“அப்பக் கொசுறு இருக்குதில்லீங்களா? பிரபஞ்சமே போட்ட கொசுற நாம எப்படிங்க நிறுத்தறது?”

“பிரபஞ்சம் விருதுக்கு நிக்கலைங்க,” என்றார் ரத்தினசாமி. “நான் நிக்கறேன்.”

சரஸ்வதியம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“ஏனுங் தலைவரே, எங்கடையில சோத்துக்கு ரெண்டாந்தரம் ரசம் ஊத்தறனே, அதுவுங் கொசுறுங்களா?”

ரத்தினசாமி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கூரையைப் பார்த்தார். “மேற்படி ரசம் எடை போடப்பட்டதா?”

“கரண்டியில ஊத்தறதுங்க.”

“எனில் மேற்படி கரண்டி பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.”

“கரண்டிய நீங்க எடுத்துக்கிட்டா நான் எதுலீங்க ஊத்தறது?”

“அதுவும் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படும்.”

அந்த அம்மாள் செயலாளரை விட்டு ரத்தினசாமியிடமே திரும்பினார். “லொள்ளெல்லாம் இருக்கட்டுங்க. இவங்க போடற கொசுறு நின்னுபோச்சுன்னா என்ற அடுப்பும் நின்னுபோயிருமுங்க. மூட்டை தூக்கறவன் ரெண்டாந்தரம் கேட்டா, இல்லீன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பாத்துச் செய்யுங்க.”

ரத்தினசாமிக்கு அந்த ரசம் நாக்கில் வந்து போனது. மண்டி ஆரம்பித்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு அங்கேதான்; மூன்றாந்தரமும் கேட்டு ஊற்றிக்கொள்பவர் அவர். ஒரு கணம் இளகினார். அடுத்த கணம், பந்தி நடுவே சிரித்த மச்சானின் மீசை நினைவுக்கு வந்தது.

“ஓட்டுக்கு உடுங்க,” என்றார்.

தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் தூக்கினார்கள். சிவப்பிரகாஷ் இருமுறை எண்ணினார். அந்தப் பக்கம் எத்தனையோ இந்தப் பக்கமும் அத்தனை.

“சரிசமம்!” என்றாள் மௌனிகா, பொன்னாடைக்குள்ளிருந்து. வேலை பார்க்கும் இடத்தில் அவள் கணக்கில் மட்டுமே கண்டிருந்த சமநிலை உரச்சாக்குகளுக்கு நடுவே கண்ணெதிரே நின்றது. “ஆதியில இருந்தாப்பலவே!”

“சங்க விதியின்படி,” என்றார் சிவப்பிரகாஷ், “இருதரப்பும் சமமாக இருந்தால், தலைவருக்குக் கூடுதலாக ஓர் ஓட்டு உண்டு.”

ஏற்கெனவே ஒருதரம் தூக்கி இறக்கிய கையை ரத்தினசாமி மறுபடி தூக்கினார்.

“அது என்னங்க, கொசுறு ஓட்டுங்களா?” என்று பூபதிராஜா கத்தினார்.

“இல்லை,” என்றார் சிவப்பிரகாஷ். “அதற்குப் பெயர் அதிகாரம்.”

கீழே உள்ளவன் பையில் விழுந்தால் கொசுறு, மேலே உள்ளவர் கையில் இருந்தால் அதிகாரம் என்கிற இந்த நுட்பமான வேறுபாட்டைச் சபை ஆழ்ந்து சிந்தித்தது. சிந்தித்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த நாளிலிருந்து கோவிந்தாபுரம் கண்ட துல்லியத்தை எந்த நாடும் கண்டதில்லை. கடைக்குக் கடை எலக்ட்ரானிக் தராசு வந்தது. எடை கொஞ்சம் கூடினால் பீன்ஸை ஒடித்துப் பாதியைக் கூடையில் திரும்பப் போட்டார்கள். மாங்காய் தூக்கலாக நின்றால் கன்னத்தில் ஒரு சீவு சீவினார்கள். ஊரெங்கும் ஒற்றைக் கன்னத்து மாங்காயோடு ஜனங்கள் வீடு திரும்பினார்கள். கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவி இலைக்கணக்கில் விற்றார்கள். வாங்குபவர்களும் துல்லியத்துக்கு வந்தார்கள். பச்சைமிளகாய்க் காம்பை எடை போடாதே என்று கிள்ளி எறிந்தார்கள். முன்பெல்லாம் காய் வாங்கினால், மகளுக்கு மாசம் எத்தனை, மாட்டுக்கு மருந்து போட்டாயிற்றா என்று நாலு வார்த்தை கேட்பார்கள். அந்த வார்த்தைகளும் கொசுறுதான் என்று தெரிந்துபோய், சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மூட்டை தூக்குபவர்கள் லாரியின் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் வைத்தார்கள். உள்ளே ஒரு தள்ளு தள்ளச் சொன்னால், “தள்ளுறது கூலியில இல்லீங்க” என்றார்கள். ரத்தினசாமி மெய்சிலிர்த்தார்.

சரஸ்வதியம்மாள் முதல் நாள் புளியை மட்டும் கரைத்து ஊற்றிப் பார்த்தார். இரண்டாம் நாள் இரண்டாந்தரம் கேட்டவனிடம் இல்லையென்று சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் அழுதார். மூன்றாம் நாள் அண்டாவையும் கரண்டியையும் ஆட்டோவில் ஏற்றினார். எல்லைக் கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் அடுப்பு மூட்டினார். இடம் கொடுத்தவர் ஆறுமுகசாமி. அவர் கடை வாசலில் புதிதாக ஒரு தட்டி தொங்கியது: ‘கொசுறு உண்டு. கேட்க வேண்டியதில்லை.’

எல்லையைத் தாண்ட விசா வேண்டுமா என்ன? ரசம் போன பக்கம் மூட்டை தூக்குபவர்கள் போனார்கள். மூட்டை தூக்குபவர்கள் போன பக்கம் லாரி போனது. லாரி போன பக்கம் பூபதிராஜா போனார். கறிவேப்பிலை போன பக்கம் ஜனங்கள் போனார்கள். கடைசியில் செயலாளர் சிவப்பிரகாஷும், ‘மேற்படி கடை மேற்படி காரணத்தால் மேற்படி பக்கத்துக்கு’ என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்.

பிரதீபா மேடம் பரிசோதனைக்கு வந்தார். எடை பற்றி ஒரு புகார் இல்லை. தள்ளுமுள்ளு இல்லை. தரையில் ஓர் அழுகல் தக்காளி இல்லை. சத்தமே இல்லை. “சேட்டா, இத்ர கிருத்யமாய ஒரு மார்க்கெட் ஞான் கண்டிட்டேயில்ல!” என்று, இத்தனை துல்லியமான சந்தையைப் பார்த்ததே இல்லையென அவர் உருகிப்போனார். எலப்புள்ளியில் ஆயிரம் புகார். அங்கே ஜனங்கள் இருந்தார்கள்.

விருது வந்தது. விழாவுக்கு மௌனிகாவும் வந்தாள். சாயங்காலம் விளக்குக் கோபுரத்தின் சுவிட்சைப் போட்டார்கள். பகல் போல வெளிச்சம், வரிசை வரிசையாகக் காலியான சிமெண்டு மேடைகள்மேல் ஒரு மூலை விடாமல் விழுந்தது.

“எப்படி அம்முணி?”

“நல்ல வெளிச்சங்ப்பா,” என்றாள் மௌனிகா.

ரத்தினசாமி பலகையைத் தன் கையாலேயே மாட்டினார், மச்சானின் கல்லாவுக்கு நேர் எதிரே, அளந்து பார்த்து. மாட்டிவிட்டு ஆவலோடு திரும்பிப் பார்த்தார். மச்சான் கல்லா தெரியவில்லை. கடை வாசலில் அத்தனை கூட்டம்.

வீட்டிலிருந்து போன். “ஏனுங்க, விருந்துக்கு ரசம் வெக்கோணும். தக்காளி வாங்கிட்டு வாங்க. ஒறம்பரைச் சனமெல்லாம் வந்தாச்சு.” ரத்தினசாமி முன்மாதிரிச் சந்தையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். தக்காளி இல்லை. துண்டை இழுத்து முகத்தை அரைவாசி மறைத்துக்கொண்டு கல்லைத் தாண்டினார்.

“வாங்க மாப்ள!” என்று ஆறுமுகசாமி கூட்டத்தை விலக்கினார். “பலகையெல்லாம் வாங்கிப்போட்டீங்களாமா? பாக்கலாம்னா ஒரே கூட்டம், ஒண்ணுந் தெரிய மாட்டீங்குது.”

தக்காளியை நிறுத்தார். பையில் கொட்டினார். கொட்டிய பிறகும் ரத்தினசாமியின் பை விரிந்தபடியே இருந்தது. அவர் நகரவில்லை.

“என்னங்க மாப்ள? எடை சரியாத்தானுங்க இருக்குது.”

“இல்லீங் மச்சான்...” ரத்தினசாமி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “மேல கொஞ்சம் கறிவேப்பில...”

ஆறுமுகசாமி சிரிக்கவில்லை. ஒரு கொத்து முறித்துப் போட்டார். கொஞ்சம் யோசித்து, மல்லித்தழையும் ஒரு கைப்பிடி போட்டார். ரத்தினசாமி பைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஆளில்லாத அந்த வெளிச்சத்தின் நடுவே வீட்டுக்கு நடந்தார்.

வருங்காலம் அவரை மறக்கக்கூடாது. ஒரே ஒரு துகள் கூடுதலாகப் போட்டு இத்தனை பெரிய உலகத்தை உண்டாக்கிவிட்டது இயற்கை. ஒரே ஒரு கை கூடுதலாகத் தூக்கி, இருந்த சந்தையை இல்லாமல் ஆக்கினார் ரத்தினசாமி.